பத்து மதிப்பெண்ணுக்கு ஒரு கோட்பாடு

முதுகலை வணிகவியல் பாடத்திட்டத்தில் கணக்கியல் கோட்பாடு என்றொரு தாள் உண்டு. உண்டு என்பதைவிட, இருந்தது என்பதே பல இடங்களில் பொருந்தும். சில கல்லூரிகளில் அது வேறொரு தாளின் முதல் அலகாகச் சுருங்கிவிட்டது. சிலவற்றில் விருப்பப் பாடமாகி, விரும்புவாரின்றிக் கிடக்கிறது. இன்னும் சிலவற்றில் அதன் இடத்தைக் கணினி மென்பொருள் பயிற்சி பிடித்துக்கொண்டது. இம்மறைவுக்காக எவரும் வருந்தியதாகத் தெரியவில்லை. மாணவருக்கு ஒரு சுமை குறைந்தது. ஆசிரியருக்கு ஒரு சங்கடம் தீர்ந்தது. பெற்றோருக்கோ அப்படியொரு தாள் இருந்ததே தெரியாது. இந்நிலை தவறு என்று வாதிடவே இதை எழுதுகிறேன். வணிகவியல் ஆசிரியர்கள் தமக்குள் பேசித் தீர்க்க வேண்டியதை மறைமாவட்ட இதழில் எழுதுவானேன் என்று வாசகர் கேட்கலாம். வணிகவியல் துறைகளைக் கொண்ட கல்லூரிகளை நம் திருச்சபை நடத்துகிறது. நம் பிள்ளைகள் அங்கே பயில்கின்றனர். பயின்றவர்களுள் சிலர் நம் பங்குகளின் நிதிக்குழுக்களில் அமர்ந்து கையொப்பம் இடுகின்றனர். வழக்கு நம் வாசலுக்கே வந்திருக்கிறது.

அத்தாள் கற்பிக்கப்படும் விதம் அதைக் காப்பாற்றக் கூடியதாக இல்லை என்பது உண்மையே. "கணக்கியல் கருத்துகளையும் மரபுகளையும் விவரி, பத்து மதிப்பெண்" என்பது நான் பார்த்த வினாத்தாள்களில் மீண்டும் மீண்டும் வரும் வினா. மாணவர் வரிசையாக எழுதுவார்: தனித்தன்மைக் கருத்து, பண அளவீட்டுக் கருத்து, நிறுவனத் தொடர்ச்சிக் கருத்து, அடக்க விலைக் கருத்து, பொருத்துகைக் கருத்து, முன்னெச்சரிக்கை மரபு. ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம், கீழே ஒரு கோடு. பழைய தலைமுறையினர் சின்னக் குறிப்பிடத்தை மனப்பாடம் செய்த கதைதான். ஆனால் அங்கேயாவது, மனப்பாடம் செய்த பிள்ளைக்கு என்றைக்காவது ஒரு நாள் பொருள் விளங்கும் என்ற நம்பிக்கை உபதேசியாருக்கு இருந்தது. இங்கே அந்த நம்பிக்கையும் இல்லை. பொருள் விளங்காவிட்டாலும் பட்டம் கிடைக்கும். பட்டம் கிடைத்தபின் பொருள் தேவைப்படுவதில்லை என்று எல்லாருமாக முடிவு செய்துவிட்டோம்.

அப்படியானால் அத்தாளில் என்னதான் இருக்கிறது? ஓர் எடுத்துக்காட்டைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஒரு பங்கு 1962-இல் 8,000 ரூபாய்க்கு ஒரு நிலம் வாங்கியது. இன்று அதிலிருந்து ஆண்டுக்கு 20,000 ரூபாய் குத்தகை வருகிறது. விற்றால் 2 கோடி கிடைக்கும். இருப்புநிலைக் குறிப்பில் இந்நிலத்தை என்ன தொகைக்குக் காட்டுவது? அடக்க விலைக்கு என்றால் 8,000 ரூபாய். அப்போது நிலம் ஆண்டுதோறும் 250 விழுக்காடு ஈட்டித் தருவதாகத் தோன்றும். நிதிக்குழு தன் தோளைத் தானே தட்டிக்கொள்ளலாம். சந்தை விலைக்கு என்றால் அதே குத்தகை வெறும் 0.1 விழுக்காடாகிவிடும், அதே குழு தலைகுனிய வேண்டும். நிலம் மாறவில்லை, குத்தகைக்காரர் மாறவில்லை, ஒரு காசும் கைமாறவில்லை. தீர்ப்பு மட்டும் தலைகீழாகிறது. போதாக்குறைக்கு, அந்நிலம் ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கென்று வாங்கப்பட்டது, விற்கலாகாது என்றிருந்தால், விற்கவே முடியாத ஒன்றுக்கு விற்பனை விலை காட்டுவதில் என்ன பொருள்?

இதுவே கணக்கியல் கோட்பாடு. இதைப் பற்றி அறிஞர் ஒருவரோடொருவர் மோதியிருக்கின்றனர். அமெரிக்காவில் பேட்டனும் லிட்டில்டனும் 1940-இல் வெளியிட்ட நூலில் அடக்க விலையையும் பொருத்துகையையும் அடித்தளமாக்கினர். நடந்த பரிமாற்றத்தில் வேரூன்றிய தொகையே நம்பத்தக்கது என்பது அப்பள்ளியின் நிலை. எட்வர்ட்சும் பெல்லும் 1961-இல், ஒரு சொத்தை வெறுமனே வைத்திருந்ததால் வந்த ஆதாயத்தையும் உழைத்துத் தொழில் நடத்தியதால் வந்த ஆதாயத்தையும் பிரித்துக் காட்டாத கணக்கு நிர்வாகத்தை எடைபோட உதவாது என்றனர். சிட்னி பல்கலைக்கழகத்தின் சேம்பர்ஸ் 1966-இல் இன்னும் கடுமையாக, இன்று விற்றால் என்ன கிடைக்கும் என்பதே ஒரு நிறுவனத்தின் நிதிநிலையைச் சொல்லும் ஒரே தொகை என்று வாதிட்டார். இம்மூவகை வாதத்தையும் ஒரு முதுகலை மாணவர் நம் பங்கு நிலத்தின் மேல் பொருத்திப் பார்த்து, தன் பக்கத்தைத் தெரிந்தெடுத்து, எதிர்ப்பக்கத்துக்கு விடை சொல்லக் கற்றுக்கொண்டால் அவருக்கு ஒரு தொழில் மட்டுமன்று, ஒரு தீர்ப்பறிவும் வந்துசேரும். நாமோ அவருக்கு "அடக்க விலைக் கருத்து: சொத்துகள் வாங்கிய விலையில் பதியப்படும்" என்ற ஒரு வரியைத் தந்து அனுப்பிவிடுகிறோம்.

கணக்கு எதற்காகப் பிறந்தது என்பதையும் நாம் சொல்லிக்கொடுப்பதில்லை. இரட்டைப் பதிவு முறையின் வரலாறு என்றால் 1494-இல் வெனிசில் அச்சான லூக்கா பாச்சியோலியின் நூலை ஒரு வரியில் குறிப்பிடுவதோடு சரி. பாச்சியோலி பிரான்சிஸ்கு சபைத் துறவி என்பதைக் கத்தோலிக்கக் கல்லூரிகளில்கூட எத்தனை பேர் சொல்கின்றனரோ! அவர் இம்முறையைக் கண்டுபிடித்தவர் அல்லர். வெனிசு வணிகரிடையே வழங்கிய முறையை ஒழுங்குபடுத்தி எழுதி, அச்சேற்றியவர். வணிகன் தன் முதற்கணக்கேடுகளில் சிலுவை அடையாளம் இட்டுத் தொடங்க வேண்டும் என்றும், தன் உடைமை அனைத்தையும் முதலில் பட்டியலிட வேண்டும் என்றும் அவர் அறிவுரை தந்தார். பாச்சியோலிக்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே, 1340-இல், செனோவா நகரின் பொதுப்பணத்தைக் கையாண்ட அலுவலரின் பேரேடு இரட்டைப் பதிவில் எழுதப்பட்டது. அது இன்றும் கிடைக்கிறது. இவ்விவரம் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. முழுமையான இரட்டைப் பதிவுக்கு நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய சான்றுகளுள் ஒன்று, தனி வணிகன் தன் ஆதாயத்தை அறிய எழுதியதன்று. பிறர் பணத்தைக் கையில் வைத்திருந்தோர் அப்பணத்துக்குரிய ஊருக்குப் பதில் சொல்ல எழுதியது. லூக்கா நற்செய்தியின் 16-ஆம் அதிகாரத்தில் வீட்டுப் பொறுப்பாளரிடம் தலைவர் கேட்பதும் இத்தகைய கணக்கே. தமிழில் 'கணக்கு ஒப்புவித்தல்' என்று சொல்கிறோமே, அந்த 'ஒப்புவித்தல்' என்ற சொல்லுக்குள் இவ்வரலாறு முழுவதும் அடங்கியிருக்கிறது.

கோட்பாட்டாளர் இதைப் பொறுப்பாண்மை என்பர். பிறர் உடைமையை வைத்திருப்பவன், அதைக் கொண்டு என்ன செய்தான் என்று உடையவருக்குச் சொல்லக் கடமைப்பட்டவன் என்பது பொருள். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இக்கொள்கை மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. 1966-இல் அமெரிக்கக் கணக்கியல் கழகத்தின் அறிக்கையும், 1978-இல் அந்நாட்டு நிதிக் கணக்கியல் தர வாரியத்தின் முதற் கருத்தறிக்கையும் கணக்கின் நோக்கத்தை வேறிடத்தில் நிறுத்தின: முடிவெடுப்போருக்குப் பயன்படும் தகவலைத் தருவதே கணக்கு என்பது முதலிடம் பெற்றது. கேட்பதற்கு நியாயமாகவே இருக்கிறது. ஆனால் யார் எடுக்கும் முடிவு? பங்குகளை வாங்கலாமா, விற்கலாமா, கடன் கொடுக்கலாமா என்ற முடிவு. நடந்ததற்குப் பதில் சொல் என்று கேட்டவர் எழுந்து போய், இனி நடக்கப்போவதைச் சொல் என்று கேட்பவர் அந்நாற்காலியில் வந்து அமர்ந்தார்.

பன்னாட்டுக் கணக்கியல் தரக் குழு 1989-இல் வெளியிட்ட கட்டமைப்பில், கணக்கறிக்கைகளைப் பயன்படுத்துவோர் என்று முதலீட்டாளர், தொழிலாளர், கடன் தருவோர், சரக்கு வழங்குவோர், வாடிக்கையாளர், அரசு, பொதுமக்கள் ஆகிய அனைவரும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டனர். இந்தியப் பட்டயக் கணக்கர் நிறுவனம் 2000-இல் வெளியிட்ட கட்டமைப்பும் அப்பட்டியலைப் பின்பற்றியது. (முதலீட்டாளரின் தேவையை நிறைவேற்றினால் மற்றவர் தேவையும் பெரும்பாலும் நிறைவேறிவிடும் என்ற சமாதானம் அன்றே உடனிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) பன்னாட்டு வாரியம் 2010-இல் கட்டமைப்பைத் திருத்தியபோது, முதன்மைப் பயனாளர் என்ற இடத்தில் முதலீட்டாளர், கடன் தருவோர், பிற கடனீந்தோர் ஆகியோர் மட்டுமே எஞ்சினர். பொறுப்பாண்மை என்ற சொல்லும் முன்னெச்சரிக்கை என்ற சொல்லும் அத்திருத்தத்தில் காணாமற்போயின. பலர் எதிர்த்து எழுதினர். 2018-இல் வந்த புதிய கட்டமைப்பில் அவ்விரு சொற்களும் திரும்பி வந்தன. தொழிலாளரும் பொதுமக்களும் முதன்மைப் பட்டியலுக்குத் திரும்பவில்லை.

ஒரு சொல் வெளியேறுவதும், எதிர்ப்பின்பின் திரும்பி வருவதும், வேறு சிலர் வெளியிலேயே நிறுத்தப்படுவதும் அரசியல் அல்லவா? அறநெறி அல்லவா? இதைவிடச் சுவையான, சினமூட்டத்தக்க பாடம் முதுகலை வகுப்பில் வேறு என்ன இருக்கிறது? நம் மாணவரோ "கணக்கியல் தகவலின் பயனாளர் யாவர்?" என்ற குறுவினாவுக்குப் பழைய ஏழு பேரையும் இன்றும் பட்டியலிட்டு முழு மதிப்பெண் பெறுகிறார். அவர்களுள் நால்வருக்கு முதன்மை வரிசையில் இடமில்லாமற்போனதை அவருக்குச் சொன்னவர் இல்லை.

இதைவிட வருந்தத்தக்கது ஒன்றுண்டு. கூட்டு மதிப்பு அறிக்கை என்று ஒரு கணக்கைப் பல முதுகலை வகுப்புகளில் போடச் சொல்கின்றனர். விற்பனையிலிருந்து வெளியாரிடம் வாங்கிய பொருள், சேவை ஆகியவற்றைக் கழித்தால் அந்நிறுவனத்தில் உருவான மதிப்பு கிடைக்கும். அம்மதிப்பு தொழிலாளர், கடன் தந்தோர், அரசு, பங்குதாரர் ஆகியோரிடையே எவ்வாறு பகிரப்பட்டது என்பதை அறிக்கையின் கீழ்ப்பாதி காட்டும். மாணவர் இதைப் பிழையின்றிப் போடுகிறார். ஆனால் இது எங்கிருந்து வந்தது? பிரிட்டனின் கணக்கியல் தரக் குழு 1975-இல் வெளியிட்ட ஓர் அறிக்கை, பெரிய நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவை என்று கூறி, இவ்வகைக் கணக்கைப் பரிந்துரைத்தது. இலாப நட்டக் கணக்கில் கூலி ஒரு செலவு, குறைத்தால் நல்லது. கூட்டு மதிப்பு அறிக்கையில் கூலி ஒரு பங்கு; உருவான செல்வத்தில் அதை உருவாக்கியவருக்குரிய பாகம். அதே தொகைதான். ஒரு கணக்கில் அது கழிக்கப்படும் இழப்பு, மற்றொன்றில் பகிரப்படும் பலன். உழைப்பைப் பற்றித் திருச்சபை ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகச் சொல்லிவருவதை ஒரு பக்கக் கணக்கில் வைத்துக் காட்டக்கூடிய இவ்விடத்தை நம் கல்லூரிகள் என்ன செய்கின்றன? "படிவத்தை மனத்தில் வைத்துக்கொள், பதினைந்து மதிப்பெண் உறுதி" என்று சொல்லிக் கடந்துபோகின்றன.

மனிதவளக் கணக்கியலுக்கும் இதே கதிதான். லெவ், ஷ்வார்ட்ஸ் ஆகிய இருவரும் 1971-இல் முன்வைத்த வாய்பாடு நம் பாடநூல்களில் தவறாமல் இடம்பெறுகிறது. ஊழியரை வயதுவாரியாகப் பிரித்து, ஒவ்வொருவரும் ஓய்வுபெறும்வரை பெறப்போகும் ஊதியத்தைக் கூட்டி, அதை ஒரு வட்டி வீதத்தால் இன்றைய மதிப்புக்குக் குறைத்தால் வருவது அவ்வூழியரின் மதிப்பு. இந்தியாவில் பாரத மிகுமின் நிறுவனம் 1974-75-இலேயே இத்தகைய விவரத்தைத் தன் ஆண்டறிக்கையில் வெளியிட்டது. மாணவர் இதை இரண்டு தசம இடம்வரை துல்லியமாகக் கணக்கிடுகிறார். விடைத்தாளைத் திருத்துபவர் விடை பொருந்துகிறதா என்று மட்டும் பார்க்கிறார். இந்த வாய்பாட்டின்படி, முப்பதாண்டு உழைத்துத் தொழிலின் நெளிவுசுளிவெல்லாம் அறிந்த ஒருவர் ஓய்வுபெறும் நாளில் அடையும் மதிப்பு சுழியம். குறைந்த கூலிக்கு வேலை செய்யும் துப்புரவுப் பணிப்பெண்ணின் மதிப்பு, அவர் கூலி எவ்வளவு குறைவோ அவ்வளவு குறைவு. முதலாளி அவர் கூலியை இன்னும் குறைத்தால், அநீதி இழைக்கப்பட்டது என்று இக்கணக்கு சொல்லாது. அப்பெண்ணின் மதிப்பு குறைந்துவிட்டது என்று சொல்லும். உழைப்பின் மதிப்பு முதன்முதலில் அதைச் செய்யும் ஆளிடமிருந்தே வருகிறது என்று திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைக் குறித்த தம் சுற்றுமடலில் எழுதினார். அச்சுற்றுமடலை மறைக்கல்வி வகுப்பில் படித்துவிட்டு, அடுத்த மணியில் இவ்வாய்பாட்டைப் போடும் நம் மாணவி, இரண்டுக்கும் இடையே உள்ள முரண்பாட்டை எங்கே பேசுவார்? பேச ஓரிடம் வேண்டும் என்பதற்காகத்தான் அத்தாள் வேண்டும் என்கிறேன். வாய்பாட்டுக்கும் ஒரு நியாயம் இருக்கலாம். மனிதரைச் செலவாக மட்டும் பார்த்த கணக்கில் அவரைச் சொத்தாகக் காட்ட முயன்றது ஒரு முன்னேற்றம் என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும். இப்போது வாதமே இல்லை என்பதுதான் குறை.

இனி நம் ஊர் ஆறு ஒன்றைக் கணக்கேட்டுக்குள் தேடிப் பார்ப்போம். பண அளவீட்டுக் கருத்து என்றால், பணத்தால் அளக்க முடிந்தவை மட்டுமே ஏட்டில் ஏறும். இதற்குப் பாடநூல்கள் தரும் எடுத்துக்காட்டு பெரும்பாலும் மேலாளரின் உடல்நலம் அல்லது ஊழியரின் மனநிறைவு. வட ஆர்க்காட்டுப் பகுதியில் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றில் கலந்து நிலத்தையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது. வேலூர்க் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ பயிருக்கு உதவாமற்போனது அத்தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவரே விலை கொடுக்க வேண்டும் என்ற நெறியைக் காட்டி, இழப்பீட்டை மதிப்பிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னதோடு, ஒவ்வோர் ஆலைக்கும் 10,000 ரூபாய் தண்டமும் விதித்தது நீதிமன்றம்.

இதைக் கணக்கர் கண்ணால் பாருங்கள். தீர்ப்புக்கு முன், அவ்வாலைகளின் ஏட்டில் தோல் இருந்தது, சுண்ணாம்பு இருந்தது, கூலி இருந்தது, ஏற்றுமதி வருமானம் இருந்தது, ஆறு இல்லை. ஏடு எழுதியவர் பொய் எழுதினார் என்று சொல்ல முடியாது. பற்றும் வரவும் சரியாகப் பொருந்தியிருக்கும். தணிக்கையாளரும் மனச்சான்று உறுத்தாமல் கையொப்பம் இட்டிருப்பார். கெட்ட கிணறு ஆலையின் கிணறு அன்று. ஆகவே தனித்தன்மைக் கருத்தின்படி அதற்கு ஆலையின் ஏட்டில் இடமில்லை. தீர்ப்பின் மறுநாள் 10,000 ரூபாய்த் தண்டம் ஒரு செலவாக ஏடேறியது. ஆறு கணக்குக்குள் வந்த வழி அதுதான். அதுவரை ஆலை காட்டிய இலாபம் உண்மையில் இலாபம்தானா, அல்லது உழவரிடமிருந்து கேளாமல் பெற்ற கடனா? இவ்வினாவை எந்தக் கணினி மென்பொருளும் எழுப்பாது. 1988-இல் ரூத் ஹைன்ஸ் என்ற அறிஞர், கணக்கு உலகை எடுத்துரைப்பதாகச் சொல்லிக்கொண்டே அவ்வுலகை உருவாக்குகிறது என்று எழுதினார். ஒரு நிறுவனத்தின் எல்லை எங்கே முடிகிறது என்பதைக் கணக்கர் தீர்மானிக்கிறார், பிறகு எல்லாரும் அவ்வெல்லையை இயற்கை என்று நம்பிவிடுகின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம். வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் வாழும் வாசகருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இன்று பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 நிறுமங்கள் சுற்றுச்சூழல், சமூகப் பொறுப்பு ஆகியவை பற்றித் தனி அறிக்கை தர வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் அது தனி அறிக்கை. இலாபம் என்ற சொல்லின் பொருள் அதனால் மாறவில்லை. சிறு ஆலைகளோ அப்பட்டியலுக்குள்ளேயே வருவதில்லை.

இத்தாளை எதிர்ப்போர் சொல்வதையும் கேட்க வேண்டும். பாடத்திட்டக் கூட்டம் ஒன்றில் எனக்கு மூத்த பேராசிரியர் ஒருவர், "தரநிலைகள் வந்துவிட்டன ஐயா, இனி கோட்பாடு எதற்கு?" என்று கேட்டார். 2016 ஏப்ரல் முதல் பெரிய நிறுமங்களுக்குக் கட்டாயமான இந்தியக் கணக்கியல் தரநிலைகளை அவர் மனத்தில் வைத்துச் சொன்னார். சட்டம் எழுதப்பட்டுவிட்டது, இனி நீதி எதற்கு என்று கேட்பதைப் போன்றது இது. தரநிலைகள் திருத்தப்படுகின்றன, கைவிடப்படுகின்றன, ஒன்றோடொன்று மோதுகின்றன. இன்று மனப்பாடம் செய்த தரநிலை நாளை மாறும்போது, ஏன் மாறியது என்று அறியாதவர் புதியதையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறென்ன செய்ய முடியும்?

இன்னொரு சாரார் கூர்மையானவர். வாட்ஸ், சிம்மர்மேன் ஆகிய இருவரும் 1979-இல், கணக்கியல் கோட்பாடுகள் யாவும் தத்தம் நலனுக்காக வாதிடுவோர் கேட்டு வாங்கும் சாக்குகளே என்று எழுதிப் புகழ்பெற்றனர். அக்கட்டுரையைக் கட்டாயம் கற்பிக்க வேண்டும் என்பேன். சொத்து மதிப்பை உயர்த்திக் காட்ட விரும்பும் நிறுமத்துக்கு ஒரு கோட்பாடும், வரியைக் குறைக்க விரும்பும் நிறுமத்துக்கு மற்றொரு கோட்பாடும் எளிதில் கிடைத்துவிடுவதை யார் மறுக்க முடியும்? ஆனால் எல்லாமே சாக்கு என்றால், பாலாற்று உழவரின் முறையீடும் ஆலை முதலாளியின் மறுப்பும் ஒரே தட்டில் வைக்கத்தக்க இரு சாக்குகளா? சாக்கையும் நியாயத்தையும் பிரித்தறியும் பயிற்சியைத் தரவேண்டிய வகுப்பு, இரண்டும் ஒன்றே என்று சொல்லிக் கலைந்துபோவது படிப்பன்று.

திருடனைக் கோட்பாடு தடுக்குமா என்று கேட்போரும் உண்டு. தடுக்காது. சத்யம் நிறுவனத்தில் 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே ஒப்புக்கொண்டபடி, ஏட்டில் காட்டப்பட்ட ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை. அது பச்சைப் பொய். அதற்குக் காவல் துறை போதும், கோட்பாடு வேண்டா. ஆனால் என்ரான்? மகாராட்டிரத்தின் தாபோல் மின்திட்டத்தால் நம் நாட்டுக்கும் அறிமுகமான அந்நிறுவனம், நெடுங்கால எரிவாயு ஒப்பந்தங்களின் எதிர்கால ஆதாயத்தைக் கையொப்பமிட்ட நாளிலேயே இலாபமாகக் காட்டும் சந்தை மதிப்பு முறைக்கு 1992-இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையத்தின் இசைவைப் பெற்றது. சந்தையே இல்லாத ஒப்பந்தங்களுக்குத் தன் கணிப்பையே சந்தை விலையாக வைத்தது. பொய்யும் பிற்பாடு சேர்ந்துகொண்டது. 2001 டிசம்பரில் அது நொடித்தது. ஆனால் கதவைத் திறந்துவிட்டது ஒரு கோட்பாடு, அதுவும் இசைவு பெற்ற கோட்பாடு. முன்னெச்சரிக்கை மரபை மூன்று வரியில் மனப்பாடம் செய்தவருக்கு, அந்த இசைவு வழங்கப்பட்ட நாளில் என்ன பறிபோனது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வேலை கிடைக்குமா என்ற கேள்வியை நான் இகழமாட்டேன். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தந்தைக்கு அக்கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு. மென்பொருளைக் கற்பிக்கட்டும், அதற்குச் சில வாரம் போதும், அதை இளங்கலையிலேயே முடித்துவிடலாம். இரண்டாண்டு முதுகலைப் படிப்பையும் அதற்கே செலவிட்டால், சில வாரத்தில் கற்றவரைவிட நம் பட்டதாரி எதில் உயர்ந்தவர் என்று அதே தந்தை கேட்க வேண்டும்.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. மேனிலைப் பள்ளிவரை தமிழில் படித்துவந்த மாணவர், ஆங்கிலத்தில் நடக்கும் முதுகலை வகுப்பில் எண்களைக் கொண்டு சமாளித்துவிடுகிறார். பேரேட்டுக்கு மொழி அவ்வளவாகத் தேவையில்லை. கோட்பாட்டுத் தாளோ வாக்கியம் கேட்கிறது. அதுவும் வாதாடும் வாக்கியம். ஆகவே அவர் மனப்பாடத்தில் தஞ்சம் புகுகிறார். ஆசிரியரும் இரக்கத்தால் மனப்பாடத்துக்கே மதிப்பெண் தருகிறார். சில ஆண்டுகளில் தாளே செத்துவிடுகிறது. கல்லூரி ஆசிரியர் ஆவதற்கான தேசியத் தகுதித் தேர்விலும் நான்கு விடைகளுள் ஒன்றைத் தெரிவு செய்வதோடு கோட்பாடு முடிந்துவிடுகிறது. நான்கு கட்டங்களுக்குள் ஒரு விவாதத்தை அடைக்க முடியாது. நாளைய ஆசிரியரும் இப்படித்தான் வடிகட்டப்படுகிறார். மருந்து கடினமானதன்று. கருத்தரங்கில் தமிழில் வாதிட இசைவு தரட்டும். பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை என்று கணக்குக்கு நம் மொழியில் சொல்லுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பொறுப்பாண்மை பற்றித் தமிழில் பத்து நிமிடம் வாதிட்ட மாணவர், பிறகு அதை ஆங்கிலத்தில் எழுதுவது எளிது.

நம் வீட்டுக்கே திரும்புவோம். 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, 1284-ஆம் எண்ணில், திருச்சபையின் உடைமையை நிர்வகிப்போர் நல்ல குடும்பத் தலைவருக்குரிய கவனத்தோடு செயல்படவும் வரவு செலவு ஏடுகளை ஒழுங்காக வைத்திருக்கவும் பணிக்கிறது. 1287-ஆம் எண், ஆண்டுதோறும் ஆயருக்குக் கணக்குத் தரச் சொல்வதோடு நில்லாமல், இறைமக்கள் தந்த உடைமைகளைப் பற்றித் தலத்திருச்சபை வகுக்கும் நெறிகளின்படி இறைமக்களுக்கும் கணக்கு ஒப்புவிக்கச் சொல்கிறது. 537-ஆம் எண் ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருக்க வேண்டும் என்கிறது. பொறுப்பாண்மைக் கோட்பாட்டை இதைவிடத் தெளிவாகச் சட்டமாக்கிய அமைப்புகள் பல இல்லை. எனினும் அக்குழுவில் அமரும் நம் பொதுநிலையினர், வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்ற மூன்று தொகையைத் திருப்பலி முடிவில் வாசிக்கக் கேட்டு நிறைவடைகின்றனர். அந்த 8,000 ரூபாய் நிலம் எங்கே, அது என்ன நோக்கத்துக்குத் தரப்பட்டது, அந்நோக்கம் நிறைவேறுகிறதா, கட்டடத் தேய்மானத்துக்கு ஏதேனும் ஒதுக்கப்பட்டதா, துப்புரவுப் பணியாளரின் வருங்கால வைப்பு நிதி செலுத்தப்படாமல் நிற்கிறதா என்று கேட்பார் அரியர். தெரியாமையால் கேட்பதில்லை என்பது ஒரு பாதி. கேட்பது மரியாதையன்று என்ற எண்ணம் மறுபாதி. முதற்பாதிக்காவது நம் கல்லூரிகள் பொறுப்பேற்க வேண்டும்.

எனவே நம் கத்தோலிக்கக் கல்லூரிகளின் வணிகவியல் துறைகளுக்கு என் கோரிக்கை இது. இத்தாளைக் கட்டாயத் தாளாக மீண்டும் வையுங்கள். "விவரி" என்ற வினாவை விலக்கி, "இக்கணக்கை மறுத்து வாதிடு" என்ற வினாவை இடுங்கள். மனிதவள வாய்பாட்டையும் கூட்டு மதிப்பு அறிக்கையையும் வெறும் கணக்காக நடத்தும் நாளில், அவை யாருடைய வாதங்கள் என்பதையும் ஒரு மணிநேரம் பேசுங்கள். முதல் வாரப் பாடமாக, பாடநூலுக்குப் பதில், அக்கல்லூரியின் சொந்த இருப்புநிலைக் குறிப்பையே மாணவர் கையில் கொடுங்கள்: கட்டடங்கள் என்ன மதிப்பில் காட்டப்பட்டுள்ளன, நன்கொடைகள் வருமானமா முதலா, தற்காலிக ஆசிரியரின் ஊதியம் எந்தத் தலைப்பில் ஒளிந்திருக்கிறது என்று அவர்கள் தேடட்டும். தர இயலாது என்று நிர்வாகம் சொன்னால், அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் வாரம் அக்கடிதத்தைப் பாடமாக நடத்தலாம்.